ஈர மணலில் ஒரு சத்தம்

மெட்டல் டிடெக்டரின் தடி அப்பாவின் உயரத்துக்கு ஏற்ப நீண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தி அதை உள்ளே தள்ளித் தன் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். முழங்கைப் பட்டையையும் இறுக்க வேண்டியிருந்தது.

"ஹெட்போனை மாட்டிக்க, பாப்பா," என்றார் மாமா. "இல்லேன்னா அலைச் சத்தத்துல ஒண்ணும் கேட்காது."

அலை கண்ணில் படவில்லை. மூடுபனியில் கடலும் வானமும் ஒரே துணியாகக் கிடந்தன. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நேற்று மாலை அப்பா விழுந்தபோதும் இப்படித்தான் இருந்ததாம். இடையில் ஒருமுறை ஏறி வந்து இறங்கியிருந்தது. அப்பா தோண்டிய குழியும் இல்லை, காலடிகளும் இல்லை.

வீட்டில் முன்னறையில் அப்பா இருந்தார். நண்பகலில் அடக்கம். அம்மா நேற்றைய உடையிலேயே அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதுக்குக் குனிஞ்சார்?"

விடியும் நேரத்தில் மறுபடியும் கேட்டாள். பிறகு தன் தம்பியான மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "அது என்னன்னு பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் இவரை யாரும் தூக்கக் கூடாது."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார்கள். வாங்கிய நாளிலிருந்து எது உசத்தி என்று சண்டை. அப்பாவுடையது பல்ஸ் வகை. உப்பு ஊறிய மணலிலும் முழங்கை ஆழத்துக்கும் கீழே கேட்கும். ஆனால் என்ன உலோகம் என்று சொல்லத் தெரியாது. ஆணிக்கும் மோதிரத்துக்கும் ஒரே சத்தம். மாமாவுடையது இரும்பு வேறு, தங்கம் வேறு என்று திரையில் எண் போட்டுக் காட்டும். காய்ந்த மணலில் கெட்டிக்காரன். அலை நனைத்த இடத்துக்கு வந்தால் உப்பைக் கண்டு கத்தும். சத்தத்தைக் குறைத்துவைத்தால் ஒரு சாணுக்குக் கீழே எதுவும் அதன் காதில் விழாது.

"உன் மெஷினுக்குக் காய்ச்சல்டா. தண்ணியைக் கண்டா பிதற்றுது," என்பார் அப்பா.

"உங்க மெஷின் எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி, மச்சான். எதைக் கேட்டாலும் ஒரே 'ம்'."

அம்மா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சிரிப்பாள்.

"கடல் சுவர்ப் படிக்கு நேராத்தான் விழுந்தார்," என்றார் மாமா மணலில் நின்றபடி. "இங்கேருந்து ஆரம்பி. மெதுவா. மணலைத் தடவிக் குடுக்கற மாதிரி."

கருவியின் அடியிலிருந்த வட்டத் தட்டை மணலுக்கு மேல் வீசி நடந்தாள். காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம். தூங்கும் வீட்டில் பக்கத்து அறை ஃபிரிட்ஜ் போல. வேறு எதுவும் கேட்கவில்லை. மாமாவின் உதடுகள் அசைந்தன. பனிக்குள் ஒரு நாய் ஓசையில்லாமல் ஓடி மறைந்தது. தன் கால்களே தொலைவில், வேறு யாருடையவோ போல நடப்பதைப் பார்த்தாள். இவ்வளவு அமைதிக்குள்தான் அவர் இத்தனை மாலைகளும் இருந்தாரா?

ரீங்காரம் உயர்ந்து தணிந்தது.

நின்றாள். தட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி உயர்ந்தது, யாரோ கேள்வி கேட்பது போல.

ஹெட்போனைக் கழற்றினாள். கடல் திடீரென்று பக்கத்தில் இருந்தது.

மாமா தன் கருவியை அதே இடத்தில் வீசினார். அது பேசவில்லை.

"என்னோடதுக்கு எட்டலை," என்றார். "உங்கப்பா இருந்தா இந்நேரம் தொடையைத் தட்டிச் சிரிப்பார்."

அடியில் துளைகள் போட்ட நீளக்காம்பு ஸ்கூப்பால் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஓரங்கள் சரிந்து விழுந்தன. மாமா காம்பில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"குழிக்குள்ள கையை விட்டு ஒருக்களிச்சுப் படுத்திருந்தார்," என்றார் குழியைப் பார்த்தபடி. "நாங்க அப்படித்தான் எடுப்போம். கை உள்ளே இருக்கறப்ப யாரும் கூப்பிட மாட்டோம். அது ஒரு மரியாதை. நான் அந்தப் பக்கம் தேடிட்டே இருந்தேன். அப்புறமா வந்து, 'என்ன மச்சான், தங்கமா?'ன்னு கேட்டேன்."

அவள் குழியோரத்து மணலைக் காலால் தள்ளினாள்.

"ரெண்டு தடவை கேட்டேன், பாப்பா."

அவர் கையிலிருந்து ஸ்கூப்பை வாங்கி அவள் தோண்டினாள். சிறிது நேரம் கழித்து மாமா தன் கருவியின் தட்டைக் குழிக்குள் இறக்கினார். அது கரகரவென்று உறுமியது. திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவசரமாக அணைத்தார்.

"என்ன?"

"இரும்பு."

தூரத்தில் ஒரு அலை உடைந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

மாமா இடுப்புப் பையைத் திறந்து துழாவினார். உள்ளங்கையில் ஒரு மோதிரம். மெல்லியது, நல்ல தங்கம். "போன மாசம் கிடைச்சது. அக்கா பார்த்ததில்ல. இதைக் கொண்டுபோய்க் குடுத்துடலாம். இரும்புக்காகவா குனிஞ்சார்னு அவ காலம் பூரா நினைச்சுட்டு இருக்கணுமா?"

அவள் மோதிரத்தைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. பிறகு ஈர மணலில் ஒருக்களித்துப் படுத்து, தோள் வரை கையைக் குழிக்குள் விட்டாள். கன்னத்தில் மணல் குளிர்ந்தது. கண்ணுக்கு நேரே பனி மட்டும். விரல்கள் தண்ணீரில் அலைந்தன. வெகுநேரம் எதுவும் தட்டுப்படவில்லை. அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மாமா கூப்பிடவில்லை. பிறகு அவர் குரல் உடைந்து வந்தது. "பாப்பா... ஏதாவது பேசிட்டே இரு."

"இருக்கேன் மாமா," என்றாள்.

கிடைத்தது முஷ்டி அளவு கட்டி. மணலும் கூழாங்கல்லும் துருவும் ஒன்றாக இறுகிப்போயிருந்தன. உள்ளே எது இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கழுத்துத் துண்டை அவிழ்த்து அதில் சுற்றிக்கொண்டாள். மாமா மோதிரத்தைப் பையில் போட்டு மூடினார். குழியையும் கால்களால் மூடிச் சமன்செய்தார். இருவரும் படியை நோக்கி நடந்தார்கள்.

வீட்டில் செருப்புகள் வாசலை நிறைத்திருந்தன. அம்மா எழுந்து வந்தாள். மாமா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இரும்புதான்க்கா."

"என்ன இரும்பு?"

"தெரியலை. துரு மூடிப்போச்சு."

அம்மா துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மகளும் பின்னால் போனாள். அம்மா தொட்டியில் குழாயைத் திறந்தாள். பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக் கட்டியை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. ஒரு கூழாங்கல் கழன்று தொட்டியில் விழுந்தது.

வெளியே அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி வந்து நின்றது. யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"வரேன்," என்றாள் அம்மா. கட்டியை மறுபக்கம் திருப்பித் தேய்த்தாள்.