சேதுபதி இழுத்த கை

தோள் வலிக்கிறது என்று போனால் விரலில் குத்துகிறார்கள். இது என்ன வைத்தியமோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஈசூன் வட்டாரக் கிளினிக்கில் இருந்த சீன டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வலது கையைத் தூக்கச் சொன்னாள். காதுவரைகூடப் போகவில்லை. பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னாள். இடுப்போடு நின்றுவிட்டது. உடனே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

"டாக்டர், வலி தோள்லதான். வீட்டுக்காரர் பிடிச்சு இழுத்துட்டாரு" என்று மறுபடியும் சொன்னேன்.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு முதல் நாள் தேக்கா கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. பூ வாங்கிய கையோடு நான் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டேன். வேன் ஒன்று வந்தது. வீட்டுக்காரர் சேதுபதி என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அன்றிலிருந்து வலி. ஒருத்தர் சுளுக்கு என்று உருவிவிட்டார், இன்னொருத்தர் வாய்வு என்றார். நான் மட்டும் தெளிவாக இருந்தேன். "அவசரக்குடுக்கை, கையையே பிடுங்கிட்டாரு" என்று அக்காவிடம், சம்பந்தியிடம், கோயிலில் பார்த்தவர்களிடம், அவரைச் சபரிமலைக்கு அழைத்துப்போகும் குருசாமியிடம்கூடச் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துணி காயப்போட மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுகூட அவர் வேலையாயிற்று. பதினேழு வருஷம் தவறாமல் சபரிமலை போனவர். இந்தப் பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்று சுமந்து போக வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்காகவே காத்திருந்தார். ஆனால் கார்த்திகை பிறந்தும் மாலை போடவில்லை. "உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். இப்போது மார்கழிக் கடைசி. குருசாமியின் கூட்டம் போன வாரம் விமானம் ஏறிவிட்டது.

ஒரு இழுப்பில் இப்படி ஆகாது என்றாள் டாக்டர். தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறதாம். சுகர் இருப்பவர்களுக்கு அதிகம் வருமாம். எனக்குச் சுகர் கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறதாம். தீபாவளிக்கு முன்பே கை தூக்கக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. ஆவணியிலேயே கொண்டை போட முடியாமல் கிளிப்புக்கு மாறியிருந்தேன். மகள் கேட்டபோது ஸ்டைல் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படியென்றால் இந்த மூன்று மாதமும் நான் எதற்காக அந்த மனிதரைத் திட்டினேன்? எனக்கே தெரியவில்லை.

உள்ளே வர மறுத்துவிட்ட சேதுபதி, என் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள சதை ஏதும் கிழிஞ்சிருக்கா?" என்றார்.

சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவா போகிறது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க இழுத்ததால இல்லீங்க. சுகராம். ஆவணிலயே ஆரம்பிச்சிருக்கு. நான்தான் கவனிக்கல."

"அப்ப நான் இல்லையா?"

"இல்ல."

"டாக்டர்கிட்ட நல்லா கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"என்னால உங்க மலையும் போச்சு. திட்டவாவது திட்டுங்களேன்."

"திட்டி என்ன லா ஆகப்போவுது? முதல்ல சுகருக்கு மருந்து வாங்குவோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீ யார்கிட்டயெல்லாம் சொன்னியோ, எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடு கண்மணி. எங்க போனாலும் என் கையத்தான் பாக்குறாங்க."

இடது கையால் போனை எடுத்து அக்காவை அழைத்தேன். "தோள் எப்படி இருக்குடி?" என்றாள்.

"அக்கா, அவரு மேல தப்பே இல்ல" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த சேதுபதி குனிந்து காதைக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார்.