ஏழடிக் கட்டை

"இந்த மரத்துல ஆணி எதுனா கீதுங்களா சார்?"

"இல்லம்மா."

"துணிக்கொடி கட்டினது, கன்னுக்குட்டி கட்டினது, எலெக்‌ஷன்ல தட்டி அடிச்சது?"

"சபை மூப்பர் வீட்டு மரம்மா இது. அந்த மாதிரி ஒண்ணும் இருக்காது."

"மூப்பர் வீட்லயும் துணி காயப்போடுவாங்க இல்ல சார்?"

தனராஜ் சிரிக்கவில்லை. வாசல் நிலைக்குக் குனிந்து வெளியே வருகிற அளவுக்கு உயரமான மனிதர். மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போது சர்ச் சபையில் மூப்பர். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகும் வழியில் அவர் வீடு. போன வாரத்துக் காற்றில் வாசல் வேம்பு சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரத்தை அடியில் ஒன்றரை அடி விட்டு அறுத்துத் தள்ளியிருந்தார்கள். மண்ணோடு நின்ற அந்த அடிக்கட்டையின் மேல் துண்டை மடித்துப் போட்டு, விடிவதற்கு முன்பே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

'அந்த மாதிரி' என்றாரே, எந்த மாதிரி? நான் கேட்டது துணிக்கொடியைத்தானே என்று கன்னிகா நினைத்துக்கொண்டாள்.

அவளும் அவள் புருஷன் உதயாவும் நகரியிலிருந்து அந்த மிஷினை மினிலாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். நான்கு பவர்லூமையும் விற்று வாங்கியது. மரத்தை மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மில்லே மரத்தைத் தேடி வரும். தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவில் கட்டை. எஞ்சினும் நாடா போன்ற பிளேடும் உள்ள தலைப்பாகத்தை உதயா கைப்பிடி பிடித்துத் தள்ளிக்கொண்டே போவான், பலகை பலகையாக விழும். போகிற இடமெல்லாம் இந்த மிஷின் மேல் ஊருக்கு ஒரு சந்தேகம். நேற்று வடமாலபேட்டை தாண்டும்போதுகூட செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, தார்ப்பாயைத் தூக்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கிள்ளி நிறம் பார்த்துத்தான் விட்டார்கள், செஞ்சந்தனமோ என்று. கன்னிகாவுக்கும் ஊரின் மேல் சந்தேகம்தான். மரம் வைத்திருக்கிறவர்கள் பொய் சொல்லுவார்கள். வேண்டுமென்று சொல்லுவார்கள், இல்லையென்றால் மறந்துபோய்ச் சொல்லுவார்கள். பிளேடுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு மாந்தோப்பில் இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது இழுப்பில் பிளேடு அறுந்து, அறுந்த முனை வெளியே சீறி வந்து உதயாவின் வலது முழங்கையைக் கிழித்தது. பதினோரு தையல். இன்னும் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் முழுசாக மடங்கவில்லை. இன்னொரு விரற்கடை உள்ளே போயிருந்தால் கை விளங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். தோப்புக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்து, "தாத்தா காலத்து ஊஞ்சல் கொக்கிம்மா, ஞாபகமே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அலிபிரி மலையடிவாரத்தில் பக்தர்களைத் தடவிப் பார்க்கிற மாதிரியான, இரும்பு இருந்தால் கத்துகிற ஒரு கைக்கருவி வாங்கினார்கள். அதற்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் காது கேட்காது. மரம் ஆணியை விழுங்கி வருஷக்கணக்கில் மேலே சதை போட்டுவிடும். உள்ளே இருப்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"பத்தடிக்கு நேரா கீது சார், கோணலே இல்ல" என்றான் உதயா. "பத்தடிக்கே பலகை எடுத்துக்கலாம்."

"ஏழடி போதும். சபைக்கு பெஞ்சி செய்யக் குடுக்கறேன்னு ஞாயித்துக்கிழமை சொல்லிட்டேன். பெஞ்சி ஏழடிதான்."

"மிச்சம் மூணடிய இன்னா பண்றது?"

"அடுப்புக்கு."

"நல்ல வைரம் பாஞ்ச கட்டைய யாரு சார் அடுப்புல வெப்பாங்க?"

"ஏழடின்னு சொன்னேன் இல்ல."

அவரே டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். உதயா கைரம்பத்தால் அந்த இடத்தில் துண்டாக்கினான். மேல்துண்டு விழுந்ததும் தனராஜ் மற்ற யாரையும் தொட விடாமல் தானே அதை உருட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். விறகுக்கு யார் போர்வை போர்த்துவார்கள்? கன்னிகா பார்த்துக்கொண்டே பிளேடுக்கு மேலிருக்கும் கேனில் தண்ணீர் நிரப்பினாள்.

ஏழு மணிக்கே வெயில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. இரும்புச் சட்டத்தை வெறுங்கையால் தொட முடியவில்லை. வெயிலில் பிளேடு நீண்டு கொடுக்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை பிளேடை இறுக்கும் திருகை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வரும். தறியில் பாவு நூலின் விறைப்பைக் காதாலேயே பார்த்துப் பழகியவள் கன்னிகா. எஞ்சின் சத்தத்துக்குள்ளே பிளேடின் சத்தம் தொய்கிற நேரம் அவளுக்குத் தெரிந்துவிடும். கையைத் தூக்குவாள், உதயா நிறுத்துவான், அவள் முறுக்குவாள். மேல்பட்டை போயிற்று. புரட்டிப் போட்டு மறுபக்கப் பட்டையும் போயிற்று. உதயாவின் சட்டையில் உப்பு கோடு கோடாகப் பூத்து, அதன் மேல் மரத்தூள் ஒட்டிக்கொண்டது.

தனராஜின் மனைவி ஞானம்மாள் மோர் கொண்டுவந்தாள். சொம்பை உதயாவிடம் நீட்டிய கை மட்டும்தான் அவனிடம் இருந்தது, கண் கட்டையின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு பட்டை விழும்போதும் அதன் உள்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் அவர்கள் மகள் டெபோரா, ஏழு மாத வயிற்றோடு, விசிறிக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிள்ளைத்தாச்சி ஆனவள்.

"உள்ள போ டெபி" என்றாள் ஞானம்மாள்.

"சும்மா பாக்கறேம்மா."

"சொன்னா கேளு. இந்தப் பக்கம் வராத."

பத்தரைக்கு உதயா எஞ்சினை நிறுத்தினான். தனராஜ் எழுந்தார்.

"ஏம்ப்பா, இன்னும் நாலே பலகை. முடிச்சிட்டு போயிடலாமே."

"நாப்பத்தி நாலு டிகிரி சார். பிளேடு தாங்காது. நாலு மணிக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு ஆசாரி வராரு."

"நாளைக்கு எனக்குக் கை வேணும் சார்" என்றான் உதயா, பேச்சு வாக்கில் சொல்வது போல.

கன்னிகா திருகைத் தளர்த்திவிட்டாள். இறுக்கமாக விட்டால் ஆறும்போது சுருங்கி, பிளேடில் மயிரிழை விரிசல் விழும். தனராஜ் சபை ஐயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சர்ச் பக்கம் போனார். உதயா லாரிக்கு அடியில் நிழலில் படுத்தான். கன்னிகா தண்ணீர்க் குழாயடிக்குக் கேனை எடுத்துக்கொண்டு போனபோது பின்னாலேயே ஞானம்மாள் வந்தாள்.

"கன்னிகா தானே உம் பேரு?"

"ஆமாம்மா."

"நீ காலைல கேட்டியே. இருந்தா இன்னா ஆவும்?"

"பிளேடு அறுந்து அவுரு மேல வரும். ஒரு வாட்டி வந்துட்டுது. கையப் பாத்தீங்க இல்ல?"

ஞானம்மாள் குழாயைத் திறந்து மூடினாள். தண்ணீர் கொதித்தது.

"ஒண்ணு கீது" என்றாள்.

கன்னிகா கேனைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது. காலையிலிருந்து எத்தனை இழுப்பு, ஒவ்வொன்றிலும் அவன் கை அங்கேதானே இருந்தது.

"இப்ப சொல்றீங்களே."

"அவுரு எதிர்ல எப்பிடி சொல்லுவேன்? டெபிக்கு அப்ப பதினாலு வயசு. திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. துன்னல, தூங்கல, மூணு வாரம். வேலூர் ஆஸ்பத்திரில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அவுரு உபவாச ஜெபம்னு பூட்டிக்கினு உக்காந்துட்டாரு. சபை கன்வென்ஷன் கூட்டத்துக்கு அவுரு போன அன்னிக்கு நான் மந்திரிக்கிற ஒருத்தரைக் கூப்ட்டேன். பிள்ளை முடில ஒரு கத்தை எடுத்து ஆணில சுத்தி இந்த மரத்துலயே அடிச்சிட்டாரு. அடுத்த வாரம் 'அம்மா, பசிக்குது'ன்னா."

"சார்க்குத் தெரியாதா?"

"தன்னோட ஜெபத்தாலதான் ஆச்சுன்னு சபைல எழுந்து சாட்சி சொன்னாரு. நானும் பக்கத்துல நின்னு ஆமென் சொன்னேன். பதினெட்டு வருஷம் ஆவுது." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆணிய எடுத்தா கட்டினது அவுந்துடும்னாரு அந்த ஆளு. இப்ப இவ இப்பிடி கீறா. அத்த மட்டும் தொடாம அறுக்க முடியாதா?"

"முடியாதும்மா."

"அந்த இடத்த மட்டும் விட்டுட்டு?"

"எடத்தக் காட்டுங்க. அத்தோட ஒரு துண்டு பேத்து உங்க கைல குடுத்துடறேன். ஆணி மரத்துலயே இருக்கட்டும், நீங்க எங்கனா வெச்சிக்குங்க. மூப்பர் கண்ணுல படாது. ஆனா எங்க வூட்டுக்காரர் கைய வெச்சி என்னால வெளாட முடியாது."

ஞானம்மாள் போய் அடிக்கட்டையின் பக்கத்தில் நின்றாள். மரம் நின்றிருந்தபோது எப்படி நின்றாளோ அப்படி. கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோய், காற்றில் ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்க."

கன்னிகா தரையிலிருந்து அந்த விரல் வரைக்கும் முழம் போட்டாள். மூன்று முழம். அதில் அடிக்கட்டை ஒரு முழம் கழித்து, கட்டையின் அடிமுனையிலிருந்து இரண்டு முழத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுதான். என் பிள்ளை மேல சத்தியமா ஒண்ணுதான்."

சத்தியத்தையும் கன்னிகா முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. தோப்புக்காரர்கூட ஆஸ்பத்திரியில் சத்தியம் செய்தார்.

நாலு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. தனராஜ் திரும்பி வந்து அடிக்கட்டையில் உட்கார்ந்தார். வட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னம்மா இது?"

"துணிக்கொடி ஆணி சார். சந்தேகமா கீது."

"சந்தேகம்னா எல்லா இடத்துலயும்தான் இருக்கும்" என்றார். அதைச் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

உதயா உளியால் கொத்தினான். மூன்று அங்குலத்துக்குக் கீழே மரம் கறுநீலமாக மாறியது, மை கொட்டினாற்போல. அதன் நடுவே துருப்பிடித்த தலை. உதயா நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். துணிக்கொடி ஆணி இத்தனை பெரிதாக இருக்காது என்று அவனுக்குத் தெரியும். அவள் கண்ணைக் காட்டினாள், பேசாமல் சுற்றிக் கொத்தித் துண்டாகவே எடுத்துக் கொடுத்தான். கன்னிகா அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுபோய் சமையற்கட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஞானம்மாள் அதை வாங்கி முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். அவள் திரும்பி வந்தபோது தனராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆணி வந்துவிட்டதே என்கிற ஆச்சரியம் அவர் முகத்தில் இல்லை. யார் அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூப்பர் வீட்டு மரத்தில் ஒன்றும் இருக்காது என்று காலையில் சொன்ன மனிதர்.

"அதான் எடுத்தாச்சே. அறுங்க" என்றார்.

உதயா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினான். பிளேடை இறக்கி அடிமுனைக்குக் கொண்டுவந்தான். கன்னிகா திருகை முறுக்கினாள். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கண் மட்டும் கொட்டகைக்குப் போயிற்று, சாக்குக்கு. பத்தடி மரத்தை ஏழடியில் நறுக்கினாரே. அந்த மூன்றடியை அவரே உருட்டினாரே, அவருக்குத் தெரிந்த ஆணி ஒன்று அதில் இருக்குமோ? பிறகு அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"சார்" என்று எஞ்சினுக்கு மேல் குரல் எடுத்தாள். "ஏழடின்னீங்களே, எங்கருந்து அளந்தீங்க?"

"அடியிலருந்துதான்."

"எந்த அடி சார்? மரம் நின்ன அடியா, அறுத்த அடியா?"

கணக்கு வாத்தியார் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டையைப் பார்த்தார். மண்ணிலிருந்து ஒன்றரை அடி. அதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. காதில் பஞ்சோடு இருந்த உதயா தள்ள ஆரம்பித்திருந்தான். பிளேடு மரத்துக்குள் போய்விட்டது. ஒரு முழம் வந்தது. உளி கொத்திய பள்ளத்தைத் தாண்டியது.

தனராஜ் எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் நாலெட்டு வைத்து வந்து, கட்டையின் மேல் கையை வைத்தார், மேல்முனையிலிருந்து ஓர் அடி உள்ளே. தேடாமல், தடவாமல், நேராக அங்கேயே வைத்தார்.

கன்னிகா சுவிட்சை அடித்தாள். பிளேடு முனகிக்கொண்டு நின்றது. அந்தக் கைக்கும் பிளேடுக்கும் இடையில் ஒரு முழமும் கொஞ்சமும் இருந்தது.

"இன்னா சார்?" என்றான் உதயா, பஞ்சை எடுத்துக்கொண்டே.

"இங்கயும் பாத்துருங்க" என்றார் தனராஜ். கையை எடுக்கவில்லை.

எஞ்சின் நின்ற அமைதியைக் கேட்டு ஞானம்மாள் வெளியே வந்திருந்தாள். முந்தானை முனையில் முடிந்த துண்டு கனமாகத் தொங்கியது. புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். கன்னிகா அளந்த மாதிரியே கண்ணால் அளந்தாள். பிறகு மெல்ல அடிக்கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மத்தியானம் தோள் வரைக்கும் கொண்டுபோன கையை இப்போது தலைக்கு மேலே தூக்கினாள். எட்டவில்லை. அந்த உயரம் அவள் புருஷனுக்குத்தான் எட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற மண்ணில் நுனிக்காலில் நின்று, இன்னும் நீட்டினாள். மரம் இல்லாத வெயிலில் அவள் விரல்களுக்கு மேலே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.