பேட்டரி செயலிழந்துவிட்டது

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து வருடமாகக் கிரீஸும் கெட்ட வார்த்தையுமாக வேலை பார்ப்பவர். அன்று காலை வெளியூர் சைட்டில், மின்சாரம் போனால் லிஃப்ட்டைப் பக்கத்துத் தளம் வரை கொண்டுவரும் பேட்டரியைச் சோதித்துவிட்டு, "பேட்டரி செ..." என்று ஆரம்பித்தார். அருகில் கூட வேலை பார்ப்பவன் நிற்பதைப் பார்த்தார். "...செயலிழந்துவிட்டது" என்று முடித்தார், செய்தி வாசிப்பவர் மாதிரி.

அவன் மனைவி இறந்து எட்டு மாதம். (காய்ச்சல். மூன்று நாள். இதற்கு மேல் அதைப் பற்றி இந்தக் கதையில் இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: "தொலைக்காட்சிகள் நிறைந்த அந்தக் கூடத்தில் மதிய வெயில் ஒரு

வேண்டாம். வெயில் உள்ளே வரவில்லை.

தொடக்கம் இரண்டு: மூன்று பேர் சாப்பிடப் போனார்கள்.

இது போதும். இடம் ஒரு ஸ்போர்ட்ஸ் பார். எட்டு டிவி, எட்டிலும் ஒரே கால்பந்தாட்டம், சத்தமில்லாமல். பிசுபிசுத்த மேசை. சைட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் மூவருக்கும் எலுமிச்சை சோடா. மெக்கானிக்கின் பட்டப்பெயர் கவுண்டர்வெயிட். லிஃப்ட்டுக்கு எதிர்முனையில் தொங்கும் எடைக்கு அந்தப் பெயர்; ஆளும் அப்படித்தான். மூன்றாவது ஆள் கண்ட்ரோல் பேனல் பார்க்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்.

(இவளைக் கதையிலிருந்து இரண்டு முறை அடித்துவிட்டேன். பிறகு சேர்த்துக்கொண்டேன். பழைய கதையைப் புதிதாகக் கேட்க ஒருவர் வேண்டும்.)

"பசில செ..." என்றாள். கவுண்டர்வெயிட் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். "...செமயா பசிக்குது."

சற்று நேரத்தில் அவர் வாயிலேயே அது வந்துவிட்டது. "இந்த டீமப் பாரு, ரெண்டாவது பாதில செ... செரியா ஆடல."

அவன் அழுதான்

அவன் எழுந்து வெளியே

இல்லை. சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தான், அவ்வளவுதான். எட்டு மாதமாக அவனைச் சுற்றி ஒரு சொல்லைக் காணவில்லை. அவன் மனைவி வாயில் தினமும் பத்துத் தடவை வந்த சொல். வெயில்ல செத்தேன், சிரிச்சே செத்தேன், உன்னைக் கட்டிக்கிட்டுச் செத்தேன். சொல்லை ஒளித்தவர்கள் அவளையும் சேர்த்து ஒளித்துவிட்டார்கள். இன்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பது என்று முடிவு செய்தான்.

3

(குறிப்பு. இது தெரியாமல் மேலே போக முடியாது.)

அவன் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டியது அவனும் கவுண்டர்வெயிட்டும்தான். ஒருநாள் அவன் மனைவி அதில் மாட்டிக்கொண்டாள். போன் செய்தாள்: "உன் லிஃப்ட் செத்துப்போச்சு. நானும் பசில செத்துட்டேன். பொணத்தைத் தூக்க அண்ணனையும் கூட்டிட்டு வா, நான் வெயிட்டு." இருவரும் கதவைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய பிறந்தநாள் கேக்கில் பாதியைக் காலி செய்துவிட்டு.

எந்த ஊரில் சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தக் கதை வரும். சொல்வது அவன். போன் வசனம் மட்டும் கவுண்டர்வெயிட்டுடையது. பெண் குரலில் சொல்வார். இப்படிப் பங்கு பிரித்தது யார் என்று நினைவில்லை. எட்டு மாதமாகக் கதை வரவில்லை.

4

"உனக்கு லிஃப்ட் கதை தெரியாதுல்ல?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான்.

"எந்த லிஃப்ட்?"

"தம்பி, நேரமாச்சு" என்றார் கவுண்டர்வெயிட். "பேட்டரிய மாத்தணும்."

"செத்த பேட்டரி எங்கண்ணே ஓடிடப்போகுது?"

அவளுக்குச் சோடா மூக்கில் ஏறியது. சிரித்துவிட்டோமே என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவசரமாக டிவியைப் பார்த்தார், எட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.

அவன் விடவில்லை. "என் பொண்டாட்டி இருக்காளே, நாங்க மாட்டுன லிஃப்ட்லயே மாட்டிக்கிட்டா. உள்ள இருந்து போன் பண்றா. என்ன சொன்னா தெரியுமா?"

அங்கே நிறுத்தினான். திரும்பினான்.

"அண்ணே, உங்க வசனம்."

5

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார், மூவரும் சிரிக்கிறார்கள். (எனக்கு வேண்டியது இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: கை கழுவ எழுந்து போகிறார். (அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

இதுவரை உறுதி: கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். தொண்டையைச் செருமினார். பெண் குரலுக்கு முன் எப்போதும் செருமுவார்.

"உன் லிஃப்ட் செ..."

அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் முடியட்டும், சோடா தீரட்டும், நகர மாட்டான்.

மிச்சத்தை நான் எழுதப் போவதில்லை. எட்டு மாதமாக அந்த வரியை வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் குரலில் சிரிப்பு வரவில்லை. அது இன்னொருவர் சொல்ல வேண்டிய வரி. மூன்றாம் பகுதியில் இருக்கிறது, உங்களுக்கும் இப்போது தெரியும்.

சத்தமாகச் சொல்லுங்கள். விழுங்காமல்.