பால்கனி அடுப்புக்கு ஒரு சிலிண்டர்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சி மகள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை. ஆடை படிந்ததும் எடுத்துக் கொட்டினான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி தவறிப்போனபிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

இன்று கூடத்தில் ஒரு பை இருந்தது. மனைவியின் அக்கா நேற்றே வந்து, குழந்தையின் துணிகளை அதில் அடுக்கிவிட்டாள். குழந்தைக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அக்கா கேட்டதிலும் தப்பில்லை.

"தம்பி, இன்னைக்கு ஒரு வேளை அவ வயிறாரச் சாப்பிடட்டும், பையைப் பிரிச்சுடறேன். இல்லேன்னா சாயங்காலம் என்கூட வரட்டும்."

அவன் தலையாட்டினான். மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு விளக்குப் போடக்கூடக் காரணம் இருக்காது.

குழந்தை கேட்பது ஒன்றுதான்: அம்மா சுட்ட சோளம். மின்அடுப்பில் வாட்டிக் கொடுத்தபோது, "இதுல கருப்பே இல்ல" என்று தள்ளிவிட்டாள். மனைவி சுட்டது பால்கனியில், பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் கேஸ் கிரில்லில். அதன் பக்கவாட்டில் குட்டி புரொப்பேன் கேஸ் டப்பாவைத் திருகி மாட்ட வேண்டும். அவள் டப்பாவைக் காதருகே குலுக்கி, "இருக்கு" என்பாள். அவனும் குலுக்கினான். சளக்கென்றது. இருக்கு என்று நம்பினான்.

சோளத்தின் ஒரு பக்கம் வெதும்பியபோது தீ சுருங்கியது. குளிர்காற்றில் டப்பாவின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. திருகினான், தட்டினான், உள்ளங்கையால் தேய்த்தான். அணைந்துவிட்டது. குழந்தை அழவில்லை. நடந்து போய்ப் பையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். குட்டி டப்பா நேராக மாட்டும், ஆனால் சீக்கிரம் தீரும், குளிரில் மக்கர் பண்ணும். அஞ்சு கிலோ சிலிண்டர் நாள்கணக்கில் வரும். அதற்கு டியூபும் ரெகுலேட்டரும் வேண்டும். அதற்கும் பெரியது வீட்டுக்கு, பால்கனிக்கு ஆகாது.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? எத்தனை நாளைக்கு வேணும், அதைச் சொல்லுங்க."

அதைத்தான் அவனால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் மகள் போய்விடுவாள் என்றால் குட்டி டப்பாவே அதிகம். சாயங்காலத்துக்கு அப்பால் அவன் எதையும் யோசித்ததே இல்லை. அஞ்சு கிலோவைக் காட்டினான்.

மாடிப்படி முழுக்க அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். டியூபை மாட்டி, கேஸ் கசிகிறதா என்று இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினான். குமிழி வரவில்லை. பற்றவைத்தான். தீ நின்று எரிந்தது. சோளம் வெடித்துக் கருகும் வாசனைக்கு மகள் எழுந்து வந்தாள்.

"இன்னும் கருப்பு வரட்டும்," என்றாள்.

ஒன்றைக் கடித்து முடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். மூக்கெல்லாம் கரி.

உள்ளே பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

"இத்துனூண்டு அடுப்புக்கு இவ்வளவு பெரிய சிலிண்டரா? பூனைக்கு யானைச் சங்கிலி போட்ட கதையா இருக்கு."

"அவதான் சொன்னா."

"எப்போ?"

"கடைசியா. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்போ."

அக்கா அவனையே பார்த்தாள். "பாப்பாவைப் பாத்துக்கோ" என்றுதான் தங்கை சொன்னதாக அவள் ஊரெல்லாம் சொல்லி அழுதிருந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாரும் கேட்டார்களே என்று அவன் இட்டுக்கட்டிச் சொல்லிவைத்தது அது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடுவதற்குள், ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் திருப்பி, மனைவி நிஜமாகச் சொன்னது இதுதான்:

"குட்டி டப்பா வாங்காத, பாதியில அணைஞ்சுடும். பெருசா வாங்கிப் போடு."