பத்தால் வகுத்தவள்

"நான் செத்தாலும் மறுநாள் காலையில பத்து மணிக்கு டாண்ணு வேலையில இருப்பேன். முந்நூறு எலும்புக்கு வயசு சொல்லி முடிச்சுட்டுத்தான் கடைசி வண்டியிலயே ஏறுவேன்."

தம்பி இப்படி அளந்து பத்து நாள் ஆகவில்லை. இப்போது கூடத்தில் கண்ணை மூடிக் கிடந்தான். அக்கா அவனுக்கு வெள்ளைச் சட்டையின் பித்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. வண்டி பன்னிரண்டரைக்கு வரும் என்றிருந்தார்கள்.

அவன் பேச்சை அவள் என்றைக்கும் முழுசாக வாங்கியதில்லை. சின்ன வயதில் பத்தடி முதலையைப் பார்த்தேன் என்று மூச்சிரைக்க ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் ஓரடி ஓணான். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் என்றால் நூறு பேர். ஆறு நாய் துரத்தியது என்றால் ஒரே நாய், அதுவும் பாதி தூரத்தில் அலுத்துத் திரும்பியிருக்கும். அவள் வகுக்கிறாள் என்று அவனுக்கும் தெரியும். வகுத்தாலும் ஏதாவது மிஞ்சட்டுமே என்று தாராளமாகவே அளப்பான்.

நேற்றுக் காலை ஃபோனில் கூப்பிட்டான். மூன்று ராத்திரியாகப் பொட்டுத் தூக்கம் இல்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சில் யானை ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றான். அவள் வழக்கம்போல வகுத்தாள். யானை, பூனை ஆயிற்று.

"யானையை இறங்கி நடக்கச் சொல்லுடா" என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவள் துணி துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்துவிட்டு மூன்று தெரு தள்ளியிருந்த அவன் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தான்.

வெளியூரிலிருந்து விடியற்காலையில் வந்த அவன் மகள், டாக்டர் கொடுத்த படிவத்தை மடியில் வைத்திருந்தாள்.

"அத்தை, எத்தனை நாளா முடியலைன்னு எழுதணுமாம். அப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"நேத்துதான். லேசா."

மகள் பென்சிலால் 'ஒரு நாள்' என்று எழுதிக்கொண்டாள். அக்கா கடைசிப் பித்தானைப் போட்டாள்.

அப்போது அவள் பைக்குள் ஃபோன் சிணுங்கியது. திரையில் 'புளுகு' என்று வந்தது. அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர்.

*அக்கா, 1 / 300. கி.மு. 760க்கும் 550க்கும் இடையில்.*

அவள் ஃபோனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். அரை நிமிடத்தில் இரண்டாவது வந்தது. அடுத்த அரை நிமிடத்தில் மூன்றாவது.

அவன் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து மலர்வளையத்தோடு வந்திருந்த பெண்தான் தயங்கித் தயங்கி விளக்கினாள். பழைய எலும்பில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயது கணக்கிடும் மென்பொருள் அது. ஒவ்வொரு எலும்பின் அளவையும் கையால் தட்டி, பொத்தானை அழுத்தி, விடை வரும்வரை கொட்டாவி விட்டு, சேமித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சார் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். கறுப்புத் திரையில் ஓடும் சில வரிக் கட்டளைகள். அதுவே பட்டியலைப் படிக்கும், மென்பொருளை ஓட்டும், விடையை எடுத்து வைக்கும். இன்று பத்து மணிக்குத் தொடங்கும்படி போன வாரமே நேரம் குறித்திருந்தார். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு நம்பருக்குச் செய்தி போகவும் எழுதியிருந்தார்.

"உங்க நம்பர்னு தெரியாதும்மா. ஃபோன் பண்ணி நிறுத்தச் சொல்லட்டுமா?"

"முப்பதுல தானா நின்னுடும்" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியாதா அவனை."

அந்தப் பெண் குழப்பமாகப் பார்த்தாள். "சார் அப்படிக் கூட்டிச் சொல்றவர் இல்லையேம்மா. ஒரு வருஷம் கூடிட்டாக்கூட எங்களைத் திரும்பச் செய்ய வைப்பாரு."

அக்கா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

அரை நிமிடம் போயிற்று. நின்றுவிடுடா என்று வாய்க்குள் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அவனிடம் கெஞ்சியது அதுதான் முதல் முறை.

*அக்கா, 31 / 300.*

அதன் பிறகு யார் வந்தார்கள், யார் கையைப் பிடித்து அழுதார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஊரே திரண்டு வந்து உலுக்கியிருந்தாலும் அசைந்திருக்க மாட்டாள். நூறு வந்தது. இருநூறு வந்தது. மகள் காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அது ஆடை கட்டி ஆறியது.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தமும் கடைசிச் சிணுங்கலும் ஒன்றாகக் கேட்டன.

*அக்கா, 300 / 300. முழுசா முந்நூறு. வகுக்க வேண்டாம்.*

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படிவத்தை எடும்மா."

"எதுக்கு அத்தை?"

"ஒரு நாள் இல்லை. அழிச்சிடு."

மகள் ரப்பரைத் தேடி எடுத்து அழித்தாள். துகள்களை அக்காவே உள்ளங்கையால் தள்ளிவிட்டாள்.

"மூணு ராத்திரி" என்றாள். "எங்கிட்ட சொன்னான். நெசந்தான்."