கேர் ஆஃப் லாசரஸ்

இரும்புலியூரில் ஒரு ஜெர்மன் டீம் இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெர்மனிக்கும் அதற்கும் இருந்த ஒரே சம்பந்தம் சட்டைதான். சர்ச் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்தது போக மிஞ்சிய வெள்ளைத் துணியை லாசரஸ் கெஞ்சிக் கேட்டு வாங்கி, பதினோரு சட்டை தைத்துவிட்டார். கறுப்பு டவுசர் அவரவர் பாடு. எண்பத்தாறில் உலகக் கோப்பையை டிவியில் பார்த்த ஊர்க்காரர்கள், "இது நம்ம பசங்க டிரெஸ் இல்ல?" என்றார்கள். அதன் பிறகு 'இரும்புலியூர் யங்ஸ்டர்ஸ் புட்பால் கிளப்' என்ற பெயர் ரப்பர் ஸ்டாம்பில் மட்டும்தான் இருந்தது.

லாசரஸ் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பந்தைப் பொறுத்தவரை அவர் ஒரு பாவப்பட்ட ஜென்மம். படிக்கிற காலத்தில் அவர் கையில் கொடியைக் கொடுத்து கோட்டோரம் நிறுத்திவிடுவார்களே தவிர, ஆட விட்டதில்லை. ஆனால் கிளப் நடத்தக் கால் எதற்கு? லீக் ஆபீஸுக்கு நடையாய் நடப்பதற்கு வேண்டுமானால் தேவைப்படும். எண்பத்தொன்றில் ஏரிக்கரைப் பையன்கள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். ஏரி வற்றினால் அது மைதானம், நிரம்பினால் கிளப்புக்கு லீவு. அவருடைய மனைவி ஞானஜோதி, "ஊர்ல மழை பெய்யக் கூடாதுன்னு ஜெபம் பண்ற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பாள்.

அந்தப் பதினைந்து பேரில் குப்புராஜும் ஒருவன். பகலில் செங்கல் லாரியில் லோடு ஏற்றுவான், சாயந்திரம் ஃபார்வர்டு ஆடுவான். பந்து அவன் காலுக்கு வந்தால் லாசரஸ் கண்ணை மூடிக்கொள்வார். கோல் விழுந்த சத்தம் கேட்டுத் திறப்பதில் அவருக்கு ஒரு சுகம். ஐந்தாம் டிவிஷனில் ஆரம்பித்த டீம் நாலுக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. சட்டை பழுப்பேறியதே தவிர ஆட்டம் பழுப்பேறவில்லை.

ஏரிக்கரைப் பையன்களுக்குக் கோப்பை பெரிதில்லை. கம்பெனிகளும் பேங்குகளும் சொந்த டீம் வைத்திருந்த காலம் அது. நன்றாக ஆடுகிறவனைப் பார்த்து வைத்துக்கொண்டு, டிரையலுக்கு வரச் சொல்லி லெட்டர் போடுவார்கள். தேறினால் வேலை. எட்டாவதைத் தாண்டாதவனுக்கும் மாதச் சம்பளமும் பென்ஷனும் கிடைக்க வேறு வழி கிடையாது. அந்த லெட்டருக்காகத்தான் கல்லும் முள்ளுமான ஏரிப் பள்ளத்தில் விழுந்து புரண்டார்கள்.

லெட்டர் வருவதற்கு ஒரு விலாசம் வேண்டுமே. ஏரிக்கரைப் புறம்போக்கில் எந்தக் குடிசைக்கும் கதவு எண் கிடையாது. அதனால் அத்தனை பேருடைய விண்ணப்பத்திலும் 'கேர் ஆஃப் டி. லாசரஸ்' என்று அவரே எழுதிக் கொடுத்தார். தபால்காரர் தேவானந்தம் சைக்கிளை நிறுத்தி, "சார், உங்களுக்கு மொத்தம் எத்தனை புள்ளைங்க?" என்று கேட்காத நாளில்லை. வந்த லெட்டர்களை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் லாசரஸ் கொடுப்பார். பிரித்துப் பார்க்க மாட்டார். அடுத்தவன் லெட்டரைப் பிரிக்காதது அவருக்குக் கௌரவம். வேலை கிடைத்துப் போகிறவன், தன் பூட்ஸை அவர் வீட்டு முன்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு அது ஆகும்.

எண்பத்தேழு மார்ச்சில் இரண்டாம் டிவிஷனுக்குப் போவதற்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. சனிக்கிழமை மாலை ஆட்டம். புதன்கிழமை தேவானந்தம் ஒரு பழுப்பு நிற உறையை நீட்டினார். குப்புராஜுக்கு. உறையின் மூலையில் ஒரு மோட்டார் கம்பெனியின் பெயர்.

லாசரஸுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். டிரையலுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். கையில் இந்த லெட்டரை வைத்துக்கொண்டு எவனும் சனிக்கிழமை ஆட மாட்டான். காலில் அடிபட்டால் வாழ்க்கையே போச்சு என்று ஒதுங்கிக்கொள்வான், ஒதுங்குவதுதான் நியாயமும். குப்பு இல்லாமல் அந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியாது. எப்போதும் இரண்டு மூன்று வாரம் அவகாசம் கொடுத்துத்தான் கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் என்ன கெட்டுப்போகிறது? வழக்கமே ஞாயிற்றுக்கிழமைதானே. இப்படித் தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டு, உறையைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இரண்டும் குப்பு போட்டது. இரண்டாவது கோலின்போது லாசரஸ் கண்ணை மூட மறந்துபோனார். ஊர் திரும்பியதும் பையன்கள் அவரைத் தோளில் தூக்கி, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் கொண்டு வந்து இறக்கினார்கள். உள்ளே போய் வேட்டி மாற்றப் பீரோவைத் திறந்தவருக்கு, உறையைப் பார்த்ததும் என்னவோ செய்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவன் லெட்டரைப் பிரித்தார். கலாசி வேலை, பட்டறையில் எடுபிடி ஆள். டிரையல் இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணி. அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு. வாசலில் பையன்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்கே போனார். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் நல்ல மனிதர், உட்கார வைத்து காபி கொடுத்தார். லிஸ்ட் மேலே போய்விட்டது, இனி அடுத்த வருஷம்தான், அதுவும் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார். குப்புவுக்கு அந்த மே மாதம் இருபத்தைந்து முடிகிறது. திரும்பி வரும் வழியில் அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஏரிக்கரையில் அவன் இவரைப் பார்த்ததும் ஓடி வந்து, "சார், செகண்ட் டிவிஷன் போய்ட்டோம் இல்ல, இனிமே எனக்கும் லெட்டர் வரும்" என்றான். லாசரஸ் வாயைத் திறந்தார். பிறகு, "வரும்" என்றார்.

அதன் பிறகு லெட்டர் மழைதான். தாவீது பேங்குக்குப் போனான். கோல்கீப்பர் சின்னப்பன் ரயில்வேக்குப் போனான். வருஷத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். லெட்டர் வந்தால் லாசரஸ் இப்போது ஞாயிறு வரைக்கும் காத்திருப்பதில்லை. சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். கிளப்பிலிருந்து விடுவிக்கும் பேப்பரை நீட்டினால் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "இந்த சீசன் மட்டும் இரு" என்று ஒருத்தனிடமும் சொல்லவில்லை, சொல்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஊரில் அவரைத் தெய்வம் என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவார்.

முன்னறைச் சுவரில் பூட்ஸ் பெருகிக்கொண்டே போனது. போட்டுக்கொள்ளத்தான் கால் இல்லை. பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிய ஆரம்பித்தார்கள். தொண்ணூறில் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள், தொண்ணூற்று மூன்றில் நாலுக்கு. ஏரிக்குள் மண்ணைக் கொட்டிக் கல் நட்டு மனை போட்டார்கள். ஜெர்மன் டீமில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் இருந்தது குப்பு ஒருத்தன்தான்.

அவன் விடியற்காலையில் ஓட ஆரம்பித்திருந்தான். ஐந்தரை மணிக்கு லாசரஸ் வீட்டு ஜன்னலைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, பெருங்களத்தூர் வரைக்கும் போய்த் திரும்புவான். தார் ரோட்டில் அந்தக் கேன்வாஸ் ஷூ சத்தம் வருஷம் முழுக்கக் கேட்கும், மழை நாளில்கூட. முட்டி வீங்கி, சத்தம் ஒன்றுவிட்டு ஒன்று இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. லாசரஸ் படுத்தபடியே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார். "உங்களுக்கு என்ன குளிருதா?" என்று மே மாதத்தில் ஞானஜோதி கேட்பாள்.

தொண்ணூற்றாறில் ஐந்தாம் டிவிஷன். இரண்டு ஆட்டத்துக்கு ஆள் சேராமல் வாக்கோவர் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவதும் கொடுத்தால் கிளப் பெயரை லீக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். ஏழு பேர் மைதானத்தில் நின்றால் போதும், பத்து கோல் வாங்கினாலும் பரவாயில்லை. லாசரஸ் வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கி ஏழு பேரைப் பிடித்தார். ஆட்ட நாளில் ஆறு பேர் வந்தார்கள். ஏழாமவனுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம். ரெப்ரி பாவம், கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார், லாசரஸைப் பார்த்தார், விசிலை ஊதினார். குப்பு முட்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, டவுசர் பையில் வைத்துக்கொண்டான். பதினைந்து வருஷக் கிளப் அத்தோடு முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பஸ் குரோம்பேட்டைக்கு வந்தது.

"என்னாலதான் சார்" என்றான் குப்பு.

"நீ என்னடா பண்ணே? நீ வந்தியே."

"இல்ல சார். நல்லா ஆடுனவன்லாம் லெட்டர் வாங்கிகினு போய்ட்டான். எனக்கு ஆட்டம் பத்தல. பத்தாத ஆள வெச்சிகினு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? காலைல இன்னும் ரெண்டு மைல் ஓடிருக்கணும். எம் பொண்டாட்டி தனம் அப்பவே சொல்லிச்சு, பெருங்களத்தூரோட திரும்பாத, வண்டலூர் வரிக்கும் போன்னு."

லாசரஸ் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷம் இதைச் சொல்லாமல் காலம் தள்ளியாயிற்று. இன்னும் நாலைந்து ஸ்டாப் தள்ளினால் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். அவரால் முடியவில்லை.

"உனக்கு லெட்டர் வந்துது, குப்பு."

"எப்போ சார்?"

"செகண்ட் டிவிஷன் மேட்ச் வாரம். புதன்கிழமை. நீ மேட்ச் ஆடணும்னு நான் வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை தரலாம்னு இருந்தேன். டிரையல் அந்த சனிக்கிழமையே போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியாது. சாயந்திரம்தான் பிரிச்சுப் பார்த்தேன்."

கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தார். குப்பு எழுந்து டவுசர் பையில் துழாவி, இரண்டு பேருக்கும் அவனே எடுத்தான். ஒரு டிக்கெட்டை லாசரஸ் கையில் கொடுத்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று அவர் காத்திருந்தார். பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சானடோரியம் தாண்டியதும் கேட்டான்.

"இன்னா வேலை சார் போட்டிருந்துச்சு?"

"கலாசி."

"பேர் கரெக்டா போட்டிருந்தானா? கே. குப்புராஜ்னு?"

"ஆமாம்."

"அப்ப ஆட்டம் பத்தாம இல்ல."

லாசரஸ் இல்லை என்று தலையை ஆட்டினார். குப்பு தன் முட்டியை இரண்டு கையாலும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டான்.

"ஒம்போது வருஷமா எனக்கு ஆட்டம் பத்தலன்னு நெனச்சிகினு ஓடிட்டேன் சார்" என்றான். இரும்புலியூரில் இறங்கி, அவர் இறங்கக் கை கொடுத்து, நொண்டிக்கொண்டே ஏரிக்கரைப் பக்கம் போனான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே லாசரஸ் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். முன்னறைச் சுவரில் முப்பத்திரண்டு ஜோடி பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தரை ஆயிற்று. பால்காரன் போனான், ஆறு மணி மின்சார ரயில் போனது. ஞானஜோதி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "யாருக்குக் காத்துட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வரும் வரைக்கும் அந்த ரோட்டில் யாரும் ஓடி வரவில்லை.