பிடித்துத் தைத்த சட்டை

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவருக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி. ஆளும் பாதியாக இளைத்துவிட்டார். எடை கொஞ்சமாவது ஏறினால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரி டயட்டீஷியன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நைஞ்ச துணியில தையல் நிக்குமா? உடம்பும் அப்படித்தாங்க. சத்து இல்லாம வெட்டித் தைச்சா காயம் ஆறாது."

கூடவே ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். மூன்று வேளையும் கலக்கிக் குடிக்க வேண்டும். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கும். நான் கலக்கிக் கொடுப்பேன். இவர் அதை முன்னறைக்கு, தையல் மெஷினிடம் எடுத்துப் போவார். காலி டம்ளர் திரும்பி வரும். சட்டையும் தொளதொளக்காமல் உடம்போடு நின்றது. பவுடர் வேலை செய்கிறது என்று பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த என் தம்பி, ஒரு நாள் பேண்ட்டும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, இடுப்பு ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

கன்னம் பளபளவென்றிருந்தது. மேலுதட்டில் வெள்ளைக் கோடு.

"என்னடா இது?"

"மாமாதான்க்கா குடுத்தாரு. வீணாப் போகுதேன்னு..."

அப்படியானால் சட்டை எப்படி உடம்போடு நிற்கிறது? இவர் சட்டையைக் கழற்றச் சொல்லி உள்பக்கம் திருப்பினேன். இரண்டு விலாவிலும் புதுத் தையல். இளைக்க இளைக்க, எனக்குத் தெரியாமல் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார் மனுஷன். அந்த எலும்பைப் பார்த்ததும் கோபம் போய் அழுகை வந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"எடை ஏறினா தேதி குடுத்துடுவாங்க. கத்திய நினைச்சாலே பயமா இருக்கு. கொஞ்சம் தள்ளிப்போகட்டும்னுதான்."

"கட்டி என்ன, உங்ககிட்ட துணி குடுத்த ஆளா? அடுத்த வாரம் வாங்கன்னா போயிட்டு வர்றதுக்கு?"

 பிளேடை எடுத்து அத்தனை தையலையும் நானே பிரித்தேன். சட்டையை மாட்டிவிட்டு டம்ளரை நீட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். தம்பி ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எடை ஏறியது, தேதியும் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இவருக்குப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். சட்டையில் இன்னும் கொஞ்சம் தொளதொளப்பு.

"பிடிச்சுத் தைச்சுக்கறீங்களா?" என்று சீண்டினேன்.

"தொடாத. திரும்பி வந்து நிறைச்சுக்கறேன்" என்றார்.